உயர்கல்வியின் வாசலில் ஒரு சமுதாயம்: அமெரிக்கக் கறுப்பினப் பொறியாளர்களின் வரலாறு தரும் பாடம்

பொறியியல் பட்டம் பெற்ற பிள்ளை, "மேற்கொண்டு படிக்க விரும்புகிறேன்" என்று சொன்னால் நம் இல்லங்களில் எழும் முதற் கேள்வி, "இன்னும் என்ன படிப்பு?" என்பதாகவே இருக்கிறது. நமது ஜமாஅத்தின் கல்வி உதவிக்குச் சென்ற ஆண்டு வந்த விண்ணப்பங்களைப் பரிசீலித்தபோது, பள்ளிப் படிப்புக்கும் பட்டப் படிப்புக்கும் உதவி கோரியோர் பலராக இருந்தனர். முதுநிலைப் பொறியியலுக்கோ ஆய்வுப் படிப்புக்கோ கோரியவர் ஒருவரும் இல்லை. நம் பிள்ளைகளிடம் திறமை இல்லையா, வசதி இல்லையா, அல்லது வழி தெரியவில்லையா என்ற வினா அன்று நம்முள் எழுந்தது.

இதே வினாவை ஒன்றரை நூற்றாண்டுக் காலமாகத் தன்னைத்தானே கேட்டுக்கொண்டு வரும் சமுதாயம் ஒன்று உண்டு. அமெரிக்க நாட்டின் கறுப்பின மக்களே அவர்கள். 1865ஆம் ஆண்டு வரை அடிமைகளாக விற்கப்பட்ட அம்மக்களின் துயரத்தோடு நம் நிலையை ஒப்பிடுவது நம் நோக்கமன்று. ஆயினும், பட்டப் படிப்பைத் தாண்டி மேலே செல்ல முயன்றபோது அவர்களை மறித்த தடைகள் எவை, அவை எவ்வாறு விலகின, விலகிய பின்னும் ஏன் பலரால் உள்ளே செல்ல இயலவில்லை என்பதை அறிந்துகொள்வது நமக்குப் பயன் தரும் என்று எண்ணியே இக்கட்டுரையை எழுத முற்பட்டோம்.

பட்டம் கிடைத்தது, பணி கிடைக்கவில்லை

1876ஆம் ஆண்டு, அடிமை முறை ஒழிந்து பதினோர் ஆண்டுகளே கழிந்திருந்த நிலையில், எட்வர்ட் பூஷே என்ற கறுப்பின இளைஞர் யேல் பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றார். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. அக்காலத்தில் அந்நாட்டில் இயற்பியலில் அப்பட்டம் பெற்றிருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அத்தகைய அறிஞரை ஆசிரியராக ஏற்க எந்தப் பெரிய பல்கலைக்கழகமும் முன்வரவில்லை. பிலடெல்பியா நகரில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென நடைபெற்ற ஒரு பள்ளியில் 26 ஆண்டுகள் அவர் பாடம் நடத்தினார். 1902இல் அப்பள்ளி உயர்நிலைப் பாடங்களைக் கைவிட்டுத் தொழிற்பயிற்சிக்கு மாறியபோது அந்தப் பணியையும் இழந்தார்.

ஆய்வுக்கூடமும் ஆய்வு மாணவர்களும் ஓர் அறிஞருக்கு மறுக்கப்படும்போது இழப்பு அவர் ஒருவருடையது மட்டுமன்று. அவரிடம் பயின்று முனைவராகியிருக்க வேண்டிய அடுத்த தலைமுறையும் உருவாகாமல் போய்விடுகிறது. பூஷேயின் வாழ்க்கை உணர்த்தும் உண்மை இதுவே.

வெளி மாநிலத்துக்கு அனுப்பி வைத்த உதவித்தொகை

1890இல் நிறைவேறிய மோரில் சட்டத்தின்படி, அரசு நிலக்கொடைக் கல்லூரிகளில் கறுப்பின மாணவர்களைச் சேர்க்க விரும்பாத மாநிலங்கள் அவர்களுக்கெனத் தனிக் கல்லூரிகளை ஏற்படுத்த வேண்டியிருந்தது. தென் மாநிலங்கள் அவ்வாறே செய்தன. வட கரோலினாவில் 1891இல் தோன்றிய வேளாண்மை மற்றும் தொழில்நுட்பக் கல்லூரி அவற்றுள் ஒன்று. பின்னாளில் இதுபோன்ற கல்லூரிகளிலிருந்தே கறுப்பினப் பொறியாளர்களில் பெரும் பகுதியினர் உருவாயினர். எனினும் பல்லாண்டுகள் வரை அங்கே பட்டப் படிப்புக்கு மேல் செல்ல வழியில்லை. கறுப்பினத்தவருக்கென அமைந்த உயர்கல்வி நிறுவனங்களில் மிகப் புகழ்பெற்ற ஹோவர்ட் பல்கலைக்கழகமே தன் முதல் முனைவர் பட்டத்தை, அதுவும் வேதியியலில், 1958இல்தான் வழங்கியது.

அவ்வாறாயின் மேற்படிப்பை நாடியவர் என்ன செய்தார்? மிசூரி, வர்ஜீனியா முதலிய மாநிலங்கள் இதற்கு ஒரு தந்திரமான ஏற்பாட்டைக் கண்டுபிடித்தன. கறுப்பின மாணவர் மேற்படிப்பு கோரினால், தம் பல்கலைக்கழகத்தில் இடம் தராமல், பிற மாநிலத்தில் படித்துக்கொள்ளுமாறு கட்டணத்துக்குப் பணம் கொடுத்து அனுப்பி வைத்தன. பார்வைக்கு அது உதவித்தொகை. உண்மையில் அது, "எங்கள் வாசற்படியை மிதியாதே" என்று சொல்வதற்குத் தரப்பட்ட விலை.

இந்த ஏற்பாட்டை லாயிட் கெயின்ஸ் என்ற இளைஞர் எதிர்த்து நின்றார். மிசூரிப் பல்கலைக்கழகத்தின் சட்டப் படிப்பில் தமக்கு இடம் வேண்டும் என்று அவர் தொடுத்த வழக்கில், கறுப்பின வழக்கறிஞர் சார்லஸ் ஹூஸ்டன் வாதாடினார். ஒரு மாநிலம் தன் மக்களுக்குச் செய்ய வேண்டிய கடமையைத் தன் எல்லைக்குள்ளேயே செய்ய வேண்டும், அண்டை மாநிலத்தின் மீது சுமத்த இயலாது என்று 1938 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கில் வென்ற கெயின்ஸ் அந்தக் கல்லூரியில் அடி வைக்கவே இல்லை. 1939 மார்ச் மாதத்தில் சிகாகோ நகரில் காணாமற் போனார். அவருக்கு என்ன நேர்ந்தது என்பது இன்றுவரை புலப்படவில்லை.

1948இல் ஓக்லஹோமாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஜார்ஜ் மெக்லாரினின் கதை வேறு விதமானது. முதுநிலைப் பட்டம் பெற்று ஆசிரியராகப் பணியாற்றியிருந்த அம்முதியவர், நீதிமன்றத்தின் துணையோடு முனைவர் பட்டப் படிப்பில் இடம் பெற்றார். இடம் தந்த பல்கலைக்கழகம், அவரை வகுப்பறைக்குள் அமரவிடாமல் பக்கத்து அறையில் அமர்த்தியது. நூலகத்தில் மாடியில் தனி மேசை. உணவகத்தில் தனி இடம், தனி நேரம். 1950 ஜூன் மாதத்தில் உச்ச நீதிமன்றம் இதனை ஒருமனதாகக் கண்டித்தது. உடன் பயில்வோரோடு கலந்து பேசவும் கருத்துகளைப் பரிமாறிக்கொள்ளவும் இயலாதபடி செய்வது, கல்வியையே குறைத்துக் கொடுப்பதாகும் என்பதே அத்தீர்ப்பின் சாரம். இந்தக் கருத்தை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். சட்டத் தடைகள் நீங்கிய பிறகு எஞ்சி நின்ற தடையும் ஏறக்குறைய இதுவேதான்.

அனுமதி கேட்டுப் பயின்ற பொறியாளர்

வர்ஜீனியாவின் ஹாம்ப்டன் நகரைச் சேர்ந்த மேரி ஜாக்சன், கணிதமும் இயற்பியலும் பயின்ற பட்டதாரி. 1951இல் லாங்லி வானூர்தி ஆய்வகத்தில், கணக்கிடும் பணியில் அமர்த்தப்பட்ட கறுப்பினப் பெண்களின் தனிப் பிரிவில் சேர்ந்தார். ஒலியினும் விரைந்த காற்றோட்டத்தை உண்டாக்கி ஆராயும் சுரங்கத்தில் அவருடைய வேலையைக் கண்ட சார்னெக்கி என்ற பொறியாளர், அவரைப் பொறியாளராக உயருமாறு ஊக்குவித்தார். அதற்கு முதுநிலைத் தரத்திலான கணித, இயற்பியல் வகுப்புகளை முடிக்க வேண்டும். வர்ஜீனியாப் பல்கலைக்கழகம் அவ்வகுப்புகளை மாலை வேளைகளில் நடத்தியது. ஆனால் அவை நடந்த இடமோ வெள்ளையருக்கு மட்டுமே உரிய உயர்நிலைப் பள்ளிக் கட்டடம்.

தம் சொந்த ஊரில், தாம் வரி செலுத்திய நகரில், அந்தப் பள்ளிக்குள் நுழைவதற்கு நகர நிர்வாகத்திடம் மேரி ஜாக்சன் தனி அனுமதி பெற வேண்டியிருந்தது. அனுமதி பெற்றார், வகுப்புகளை முடித்தார், 1958இல் நாசாவின் முதல் கறுப்பினப் பெண் பொறியாளரானார். இருபது ஆண்டுகளுக்குப் பின், 1979இல், பொறியாளர் நிலையில் கிடைத்த பதவித் தரத்தைத் தாமே குறைத்துக்கொண்டு, பெண்களின் முன்னேற்றத்துக்கான பொறுப்பை ஏற்றார். தாம் ஏறி வந்த படிகளில் பிறரையும் ஏற்றிவிட வேண்டும் என்ற எண்ணமே அதற்குக் காரணம். நாசாவின் தலைமையகக் கட்டடத்துக்கு 2021இல் அவருடைய பெயர் சூட்டப்பட்டது.

ஏர்னஸ்ட் வில்கின்ஸ் என்பவரையும் இங்கே குறிப்பிடல் வேண்டும். 1942இல் தமது 19ஆம் வயதிலேயே சிகாகோப் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவரான மேதை அவர். இரண்டாம் உலகப் போரின்போது அணு ஆய்வில் ஈடுபட்டிருந்த அவரது குழு 1944இல் டென்னசி மாநிலத்தின் ஓக் ரிட்ஜுக்கு மாற்றப்பட இருந்தது. அங்கே நிறப்பிரிவினை நடைமுறையில் இருந்தமையால் வில்கின்ஸ் உடன் செல்ல இயலவில்லை. பின்னாளில் தனியார் அணுசக்தி நிறுவனத்தில் பணியாற்றியபோது, பொறியியல் முடிவுகளில் தம் சொல் உரிய காலத்தில் ஏறவேண்டுமாயின் பொறியியல் பட்டமும் வேண்டும் என்று உணர்ந்தார். முனைவர் பட்டம் பெற்றுப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1957இல் இயந்திரப் பொறியியலில் இளநிலைப் பட்டமும், 1960இல் முதுநிலைப் பட்டமும் பெற்றார். 1974இல் அமெரிக்க அணுசக்திக் கழகத்தின் தலைவரானார். ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் கணித முனைவர் பட்டப் படிப்பு தொடங்கவும் துணை நின்றார்.

கதவு திறந்தது, கூட்டம் வரவில்லை

1964ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்துக்குப் பின்னர், நிறத்தின் பெயரால் கல்லூரிக் கதவை அடைப்பது குற்றமாயிற்று. இனி எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் எண்ணினர். ஆனால் பத்தாண்டுகள் கடந்த பின்பும் பொறியியல் மேற்படிப்பில் கறுப்பின மாணவர்கள் மிகச் சிலராகவே இருந்தனர். சட்டம் போட்டிருந்த பூட்டு உடைந்த பிறகே, அதற்குப் பின்னால் மறைந்திருந்த வேறு தடைகள் கண்ணுக்குத் தெரியலாயின.

முதல் தடை பணம். பொறியியல் இளநிலைப் பட்டம் பெற்ற மறுநாளே நல்ல ஊதியத்தில் வேலை காத்திருக்கிறது. தம்பி தங்கையரின் படிப்பு, வீட்டுக் கடன், கல்விக் கடன் ஆகியவை முன்னே நிற்கின்றன. அந்நிலையில் ஊதியத்தைத் துறந்து இன்னும் ஐந்தாறு ஆண்டுகள் படிப்பது, வசதி படைத்த வீட்டுப் பிள்ளைக்கு விருப்பம். ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் குற்ற உணர்வு.

இரண்டாம் தடை அறியாமை. அமெரிக்காவில் பொறியியல் முனைவர் பட்டம் பயில்வோரில் பெரும்பாலோர் கட்டணம் செலுத்துவதில்லை. ஆய்வு உதவியாளராகவோ கற்பித்தல் உதவியாளராகவோ பணிபுரிவதால் கட்டண விலக்கும் மாத உதவித்தொகையும் பெறுகின்றனர். இது தெரியாத குடும்பங்கள், "அவ்வளவு செலவுக்கு எங்கே போவது?" என்று வாசலிலேயே திரும்பி விடுகின்றன. மேலும், சேர்க்கைக்குத் தேர்வு மதிப்பெண் மட்டும் போதாது. ஆய்வில் ஈடுபட்ட அனுபவமும், மாணவரை நேரில் அறிந்த பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்களும் வேண்டும். இளநிலைப் படிப்பின் இரண்டாம் ஆண்டிலேயே இதனை அறிந்தவர் அதற்கேற்ப ஆயத்தமாகிறார். இறுதியாண்டில் அறிந்தவருக்குக் காலம் கடந்துவிடுகிறது. படித்த தந்தையோ, முன்னே சென்ற அண்ணனோ இல்லாத வீட்டில் இதைச் சொல்வதற்கு ஆள் யார்?

இக்குறைகளைப் போக்க 1970களில் அமைப்புகள் தோன்றின. 1975இல் பர்டியூ பல்கலைக்கழக மாணவர்களின் முயற்சியால் கறுப்பினப் பொறியாளர்களின் தேசியச் சங்கம் உருவாயிற்று. 1976இல் நோட்ர டேம் பல்கலைக்கழகத்தை இருப்பிடமாகக் கொண்டு 'ஜெம்' என்னும் கூட்டமைப்பு தொடங்கப்பெற்றது. அதன் ஏற்பாடு எளிமையானது. நிறுவனம் ஒன்று மாணவரைத் தத்தெடுத்துக் கோடை விடுமுறையில் பணிப்பயிற்சி தரும். பல்கலைக்கழகம் கட்டணப் பொறுப்பை ஏற்கும். மாணவருக்கு உதவித்தொகை கிடைக்கும். முதலில் பொறியியல் முதுநிலைப் படிப்புக்கென அமைந்த இத்திட்டம், பின்னர் முனைவர் பட்டத்துக்கும் விரிந்தது. படிப்பா, ஊதியமா என்று திண்டாடிய மாணவருக்கு இரண்டையும் இணைத்துக் கொடுத்தமையே இதன் சிறப்பு.

தனியே படித்தவர்கள்

மூன்றாம் தடை மிக நுட்பமானது. 1970களில் பெர்க்லி நகரிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த யூரி டிரைஸ்மன், பொறியியலுக்கும் அறிவியலுக்கும் வாயிலாக உள்ள நுண்கணிதப் பாடத்தில் கறுப்பின மாணவர்கள் பலர் தோல்வியுறுவதன் காரணத்தை ஆராய்ந்தார். ஆர்வமின்மை, குடும்பத்தின் அக்கறையின்மை, பள்ளிப் பயிற்சிக் குறைவு என ஆசிரியர்கள் பல காரணங்களைக் கூறினர். டிரைஸ்மன் 20 கறுப்பின மாணவர்களையும் 20 சீன வம்சாவளி மாணவர்களையும் அவர்கள் படிக்கும் இடங்களுக்கே சென்று பல மாதங்கள் கவனித்தார். ஆசிரியர்கள் கூறியவற்றுள் எதுவும் போதிய விளக்கமாக அமையவில்லை.

சீன மாணவர்கள் முதலில் தனியே படித்தனர். பின்னர் ஒன்றுகூடி விடைகளை ஒப்பிட்டனர், தவறுகளைத் திருத்திக்கொண்டனர், பழைய வினாத்தாள்களைப் பகிர்ந்துகொண்டனர். கறுப்பின மாணவர்களோ பாடுபட்டுப் படித்தும், ஏறத்தாழ எல்லாருமே தனியே படித்தனர். தம் தவறு தமக்கு மட்டுமான தவறா, வினாவே கடினமானதா என்பதை அறியவும் அவர்களுக்கு வழியில்லை. அன்று மெக்லாரினைப் பல்கலைக்கழகம் பக்கத்து அறையில் அமர்த்தியது. இவர்களோ, யாரும் சொல்லாமலே, தனி அறைகளில் அமர்ந்திருந்தனர்.

டிரைஸ்மன் குழுப் பயிற்சி வகுப்புகளை ஏற்படுத்தினார். பின்தங்கியோருக்கான எளிய வகுப்பாக அதனை நடத்தாமல், பாடத்தினும் கடினமான கணக்குகளைக் கொடுத்து, சேர்ந்து விவாதிக்கச் செய்தார். தோல்வி வெகுவாகக் குறைந்தது. இம்முறை பின்னர் நாட்டின் பல கல்லூரிகளுக்கும் பரவியது.

மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் வளாகத்தில் 1988இல் தோன்றிய மேயர்ஹாஃப் திட்டமும் இவ்வழியிலேயே சென்றது. கொடையாளர் ராபர்ட் மேயர்ஹாஃபின் பொருளுதவியோடு இதனை வளர்த்தவர் ஃபிரீமன் ஹ்ரபோவ்ஸ்கி. தமது 12ஆம் வயதில், 1963இல், பர்மிங்ஹாம் நகரில் சிறுவர்கள் நடத்திய உரிமை ஊர்வலத்தில் கலந்துகொண்டு ஐந்து நாள் சிறையிலிருந்தவர் அவர். 1989இல் 19 கறுப்பின இளைஞர்களோடு தொடங்கிய இத்திட்டம், பின்னர் பெண்களுக்கும் எல்லா இனத்தவருக்கும் திறந்துவிடப்பட்டது. கல்லூரி திறக்கும் முன்பே கோடைப் பயிற்சி, சேர்ந்து படிக்கும் கட்டாயம், முதலாண்டு முதலே ஆய்வகத் தொடர்பு, "நீ முனைவராவதற்கே வந்திருக்கிறாய்" என்று தொடக்கத்திலேயே உணர்த்திவிடும் நடைமுறை ஆகியவை இதன் கூறுகள். கொரோனாத் தடுப்பூசி ஆய்வில் முன்னணியில் நின்ற கிஸ்மெகியா கார்பெட் என்ற கறுப்பின விஞ்ஞானி இத்திட்டத்தில் பயின்றவரே.

வட கரோலினாவின் அந்த 1891ஆம் ஆண்டுக் கல்லூரியில் இயற்பியல் பயின்ற ரொனால்ட் மெக்நேர், 1976இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1984இல் விண்வெளிக்குச் சென்று திரும்பினார். ஒன்பது வயதில், வெள்ளையருக்குரிய ஊர் நூலகத்தில் புத்தகம் கேட்டு, காவலர்கள் வந்த பின்னும் இடத்தைவிட்டு அசையாதிருந்தவர் அவர். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்ணோட விபத்தில் உயிரிழந்தார். அவ்வாண்டே அமெரிக்க நாடாளுமன்றம் அவர் பெயரால் ஒரு திட்டத்தை ஏற்படுத்தியது. வறிய குடும்பத்தின் முதல் தலைமுறை மாணவர்களையும், உயர்கல்வியில் போதிய இடம் பெறாத இனத்தவரையும் முனைவர் பட்டப் படிப்புக்கு ஆயத்தப்படுத்துவதே அதன் நோக்கம். பேராசிரியரோடு கோடைக்கால ஆய்வு, நுழைவுத் தேர்வுப் பயிற்சி, விண்ணப்பிக்கும் முறையில் வழிகாட்டல் ஆகியவை அதில் அடங்கும்.

இத்தனைக்குப் பிறகும் பயணம் முடியவில்லை. அமெரிக்க மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் சுமார் 13 விழுக்காடு. அந்நாட்டில் வழங்கப்படும் பொறியியல் முனைவர் பட்டங்களில் அவர்கள் பங்கு அதில் பாதியைக்கூட எட்டவில்லை. மாணவர் சேர்க்கையில் இனத்தையும் ஒரு கூறாகக் கருதலாம் என்று 2003இல் இசைந்த உச்ச நீதிமன்றம், 2023 ஜூன் மாதத்தில் அந்த வழியை அடைத்துவிட்டது. சட்டம் ஒரு காலத்தில் அடைக்கிறது, ஒரு காலத்தில் திறக்கிறது, மறுபடியும் குறுக்குகிறது. சட்டத்தை மட்டும் நம்பியிருந்த முயற்சிகள் அதனோடு சேர்ந்து ஏறி இறங்கின. மாணவரைக் கைப்பிடித்து அழைத்துச் சென்ற ஆசிரியர்களும் சேர்ந்து படித்த குழுக்களும் தொடர்ந்து பலன் தந்தன.

நாம் எண்ணிப் பார்க்க வேண்டியவை

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பொறியியல் மேற்படிப்புக்கு இந்தியாவிலிருந்து செல்லும் மாணவர்களுக்கு, எந்தத் தேர்வு எழுதுவது, எந்தப் பேராசிரியருக்குக் கடிதம் எழுதுவது என்பதை முன்னே சென்ற மாணவர்களே சொல்லித் தருகின்றனர். அத்தகைய முன்னோடி இல்லாத வீட்டில், அதே மதிப்பெண் பெற்ற பிள்ளை வழியறியாது நின்றுவிடுகிறது. நம் மஹல்லாவின் நிலையும் இதுவே எனத் தோன்றுகிறது.

நம் நாட்டிலேயே, 'கேட்' தேர்வில் தகுதி பெற்று அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் முழுநேர எம்.இ., எம்.டெக். பயில்வோருக்கு மாத உதவித்தொகை வழங்கும் ஏற்பாடு உண்டு. இதனை நம்முள் எத்தனை பெற்றோர் அறிவோம்? அறியாமலே, "இன்னும் என்ன படிப்பு?" என்று கேட்டுப் பிள்ளையை நிறுத்தியவர்கள் எத்தனை பேர்? அக்கேள்வியைக் கேட்டவர்களுள் நாமும் இருந்தோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

எல்லாரும் முனைவராக வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. குடும்பச் சூழ்நிலையால் உடனே வேலைக்குச் செல்லும் பிள்ளையின் உழைப்பும் மதிப்புக்குரியதே. ஆனால் மேலே படிக்கும் விருப்பமும் தகுதியும் உள்ள ஒரு பிள்ளை, சொல்வாரின்றி நின்றுவிடக் கூடாது. ஆகவே, வரும் கல்வியாண்டு முதல் மாதம் ஒரு நாள் மாலை, நம் ஜமாஅத்தைச் சேர்ந்த பொறியியல் மாணவர்கள் ஒன்றுகூடிச் சேர்ந்து படிக்க ஜமாஅத்தின் கூடத்தைத் திறந்து வைக்கவும், மேற்படிப்பு முடித்தவர்களும் பணியில் உள்ளவர்களும் அன்று வந்திருந்து வழிகாட்டவும், முதுநிலைப் படிப்புக்கான விண்ணப்பச் செலவையும் கல்வி உதவியில் சேர்க்கவும் உறுப்பினர்களின் கருத்தை வேண்டுகிறோம்.

மேரி ஜாக்சன் தம் ஊர்ப் பள்ளிக்குள் நுழைய நகர நிர்வாகத்திடம் அனுமதி கேட்க நேர்ந்தது. நம் பிள்ளைகள் படிப்பதற்கு யாரிடமும் அவ்வாறு அனுமதி கேட்க வேண்டியதில்லை. நம்மிடம் வழி கேட்டால் சொல்வதற்கு நாம் ஆயத்தமாக இருந்தால் போதும்.